மகாராஜன் பெயரில் கம்பம் ஏறிய முகம்மது சாதிக்

தலைமை ஏற்றிருக்கும் கிளைத் தலைவர் பெருமாள்சாமி அண்ணாச்சி அவர்களே, மாவட்டத்திலிருந்து வந்திருக்கும் சங்க நிர்வாகிகளே, சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர்களே, நாற்காலி இருந்தும் உட்காராமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் சௌந்தரபாண்டியன். ஊசிமேடு துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர். டிப்ளமோ எலக்ட்ரிக்கல் படித்தவன். மேடைப் பேச்சு பழக்கமில்லை. சுற்றி வளைக்கவும் தெரியாது.

எனக்குப் பின்னால் தொங்கும் பேனரைப் பாருங்கள். ‘தனியார்மயத்தை எதிர்த்துக் களமாடிய தோழர் முகம்மது சாதிக்’ என்று போட்டிருக்கிறது. தோழர்! இந்தச் சங்கத்தில் சேர அவர் எத்தனை முறை வந்தார்? ஒவ்வொரு முறையும் என்ன சொன்னோம்? “நீங்க காண்ட்ராக்ட் ஆளுல்லா, சங்கம் பெர்மனென்ட் ஆளுகளுக்குத்தான்” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். செத்த பிறகு தோழர் ஆக்கிவிட்டோம். சந்தா கூடக் கேட்கவில்லை!

கடையநல்லூர்க்காரர். துபாயில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்து, ஊரோடு இருக்கலாம் என்று திரும்பி வந்தவர். இங்கே காண்ட்ராக்டரிடம் கூலி. என்றாவது நிரந்தரம் ஆகும் என்று நம்பிக்கை. தனியார் நல்லதா, அரசாங்கம் நல்லதா என்று நாங்கள் டீக்கடையில் கட்சி கட்டிக்கொண்டு கத்துவோம். அவர் சிரிப்பார். “அங்கன ஹெல்மெட் இல்லாம ஏணியில கால் வைக்க விடமாட்டான். ஆனா விசா முடிஞ்சா என் பேரு அவனுக்கு ஞாபகம் இருக்காது. இங்கன ஹெல்மெட்டும் கிடையாது, பேரும் கிடையாது” என்பார். நாங்களும் சிரித்தோம். சிரிக்கிற விஷயமா அது?

காற்றுக் காலத்தில் லைன் அடிக்கடி போகும். தறி நின்றால் அன்றைய கூலி போச்சு. இதோ முன்வரிசையில் இருக்கிறார்களே சண்முகசுந்தரி அக்கா, இவர்கள் போன் செய்வது அலுவலகத்துக்கு அல்ல, சாதிக் அண்ணனுக்கு. “ஏலே சாதிக்கு, வாரியா, இல்ல நானே கம்பத்துல ஏறட்டுமா?” “ஏறுக்கா, ஏறு. நீ மேல வேலையைப் பாரு, நான் உன் தறியில உக்காந்து கூலி வாங்கிக்கிடுதேன்.” பேசிக்கொண்டே வந்துவிடுவார். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே தெருவில் நிற்கும்போது, அவர் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நிற்பார். ஒரு வருஷமாவது தபசுக் காட்சியைப் பார்த்திருப்பாரா?

இப்போது அவர் எப்படி இறந்தார் என்று சொல்ல வேண்டும். இல்லை அண்ணாச்சி, உட்காருங்கள், சொல்லத்தான் போகிறேன்.

தறிக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. கம்பத்தில் ஏறுமுன் துணைமின் நிலையத்துக்குப் போன் செய்து லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். அந்த அனுமதிக்கு எல்.சி. என்று பெயர். வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும்வரை நாங்கள் மின்சாரம் விடக் கூடாது. வாங்கியவரே திருப்பிக் கொடுக்க வேண்டும். நிரந்தர ஊழியர்தான் வாங்கலாம். நல்ல விதி. ஆனால் ஆள் எங்கே? ஐந்து லைன்மேன் இருக்க வேண்டிய பிரிவில் மகாராஜன் அண்ணாச்சி ஒருத்தர். நாலு திசையிலும் ஒரே நேரத்தில் நிற்க அவர் என்ன சாமியா? அதனால் ஒரு வழக்கம் வந்தது. காண்ட்ராக்ட் ஆட்கள் போனில், “மகாராஜன் பேசுதேன், எல்.சி. வேணும்” என்பார்கள். எனக்குக் குரல் தெரியும். சாதிக் அண்ணன் குரலைக் கேட்டுவிட்டு, மகாராஜன் என்று பதிந்துகொள்வேன். நான் மட்டுமா? எல்லா ஷிப்டும் அப்படித்தான். அதிகாரிகளுக்கும் தெரியும். சங்கத்துக்கும் தெரியும்.

அன்று ஒரே லைனில் இரண்டு குழு. கிழக்கே ஒன்று, மேற்கே சாதிக் அண்ணன். இரண்டு பேருமே ‘மகாராஜன்’. பணியில் இருந்தவர் காவியா. புதிதாக வந்தவர், குரல் பழகவில்லை. ஒரே ஆள் இரண்டாம் தடவை உறுதிப்படுத்தக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். கிழக்கே வேலை முடிந்தது. “மகாராஜன் பேசுதேன், முடிஞ்சிட்டு, லைன் விடுங்க.” விட்டார். கம்பியில் தவறி வரும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிடும் எர்த் ராடு மேற்கே இருந்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார். பிரிவுக்கே ஒரு செட்தான். அது கிழக்கே போயிருந்தது.

இதுதான் நடந்தது. ஆனால் மேலே போயிருக்கும் அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? ‘அனுமதியின்றிக் கம்பத்தில் ஏறிய வெளியாள்.’ வெளியாள்! ஊருக்குள் அது எப்படிப் பரவியிருக்கிறது? கம்பி திருட ஏறினாராம்!

சாதிக் அண்ணன் மனைவி பாஜிலா மதினி இத்தாவில் இருக்கிறார், கணவரை இழந்தவர் வீட்டோடு இருக்க வேண்டிய துக்க காலம். இங்கே வர முடியாது. நேற்று அவர் தம்பி பாதுஷாவிடம் சொல்லி அனுப்பினார். “பணம் காசு பெறவு பாப்போம். அவுக வேலை பாத்தாகளா, திருடப் போனாகளா, அதை மட்டும் கூட்டத்துல வச்சுச் சொல்லச் சொல்லு. எம் மக ஜஸீமா பள்ளிக்கூடம் போவணும்.”

நான் இதைக் கொண்டுபோய்த் தலைவரிடம் சொன்னேன். அவர் என்ன சொன்னார்? “ஏலே, செத்தவன் செத்துட்டான். மகாராஜனுக்குப் பென்ஷன் போயிரும். இருக்கவன் பொழப்பைக் கெடுக்காத.” சொன்னீர்களா இல்லையா அண்ணாச்சி?

சீட்டு வருகிறது, ‘சுருக்கமாக முடிக்கவும்’ என்று. முடிக்கிறேன்.

தனியார்மயம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பவன் நான். லாபக் கணக்குப் பார்க்கிற கம்பெனி, ராயகிரிப் பக்கம் ஒத்தைக் கிணற்றுக்காகக் கம்பம் நட்டுக் கம்பி இழுக்குமா? தபாலானாலும் சரி, கரண்ட்டானாலும் சரி, கடைசி வீட்டுக்குப் போக அரசாங்கம்தான் வேண்டும். ஆனால் தனியார்மயம் இனிமேல்தான் வரப்போகிறது என்று இந்த மைக்கில் யாரும் சொல்லாதீர்கள்! அது எப்போதோ வந்துவிட்டது. ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள், காண்ட்ராக்டரைக் கொண்டுவந்தார்கள். அப்போது நாம் என்ன செய்தோம்? மறியலா செய்தோம்? நம் பெயரை இரவல் கொடுத்தோம்! வேலை தடங்கல் இல்லாமல் நடந்தது. ஆள் பற்றாக்குறை வெளியே தெரியவே இல்லை. நம் பெயரில் ஏறியவர் செத்ததும், பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு ‘வெளியாள்’ என்று தள்ளிவிட்டோம். இது துரோகம் இல்லையென்றால் வேறு எது துரோகம்?

திங்கள்கிழமை விசாரணை. குரல் தெரிந்தே வேறு பெயர் பதிந்தவன் நான் என்று அங்கே சொல்வேன். என்மீது நடவடிக்கை வரும், வரட்டும். ஒவ்வொரு காண்ட்ராக்ட் ஆளும் தன் சொந்தப் பெயரில் எல்.சி. வாங்குகிற நாள்வரை நான் இதை விடப்போவதில்லை. சாதிக் அண்ணன் பாதியில் விட்ட வேலை அதுதான்.

தலைவர் அவர்களே, தனியார்மய எதிர்ப்புத் தீர்மானத்தை அப்புறம் வாசியுங்கள். முதலில் இது: ‘முகம்மது சாதிக் எங்கள் லைனில், எங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது இறந்தார்.’ ஆமாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

காவியா தூக்கிவிட்டார். சஸ்பெண்ட் ஆகியிருக்கிற பெண்! பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் தூக்கிவிட்டீர்கள். உங்களுக்கு இந்தச் சங்கத்தில் ஓட்டு கிடையாது, ஆனாலும் இறக்காதீர்கள். மேடையில்? ஒரு கையும் இல்லையா?

அங்கே யார் எழுந்திருக்கிறது? மகாராஜன் அண்ணாச்சியா? வாங்க. அவரைப் பிடித்து இழுக்காதீர்கள், வழி விடுங்கள். நான் முடித்துவிட்டேன். அண்ணாச்சி, இந்தாங்க மைக். பாதுஷா போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், அந்தப் பக்கம் மதினி கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் பெயரை உங்கள் வாயால் சொல்லி ஆரம்பியுங்கள்.