பின்னால தள்ளிப் போங்கம்மா

மாமல்லபுரத்திலிருந்து திருப்போரூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் மீன் விற்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவளின் வீட்டைப் போன மழைக்காலத்தில் கடல் கொண்டுபோய்விட்டது என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது.

"பீச் ஓட்டல்ல கூட்டம்னு கூப்ட்டாங்களே, இன்னாக்கா சொன்னாங்க?"

"பூமி சூடாயிகினே போவுதாம். ஏசி குளிர்ல நடுங்கிகினே கேட்டேன்."

இளையவள் சிரித்தாள். "எதனாலயாம்?"

"கார் பொகை, கரண்டுக்கு எரிக்கிற கரி, அல்லாந்தான். அதுல பனிமலை உருகி கடல் ஏறுதாம். வாசல்ல அவங்க காருங்க எஞ்சினை நிறுத்தாம உறுமிகினே நின்னுச்சி."

"நாம இன்னா பண்ணணுமாம்?"

"அடுப்புல வெறகைக் கொறைக்கணுமாம்."

"அது சரி. உன் வூட்டுக்கு இன்னா வழியாம்?"

"கேட்டேனே. கடலாண்ட இருக்காதீங்க, பின்னால தள்ளிப் போங்கம்மான்னாரு பேச வந்த சாரு. பின்னால அந்த ஓட்டல் மதிலுதான் கீது."

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"கடல்ல வூடு போன பொம்பளைங்க அல்லாரும் பேசிட்டோம். நாளைக்கு அந்த மதிலை ஒட்டியே வரிசையா குடிசை போடுறோம்."

"தொரத்துவாங்கக்கா."

"தொரத்தட்டும். இன்னும் கொஞ்சம் பின்னால தள்ளி, ஓட்டலுக்குள்ளயே போயிடுறோம்."