உயராத கை

இஸ்திரி போடுவதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை, ஐயா. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்த்துக் கற்றுக்கொண்டது. அம்மாவிடம் சேர்ந்ததும் அதனால்தான். அம்மா என்றால் என்னைப் பெற்றவள் அல்ல. இறந்துபோன அந்த உடை வடிவமைப்பாளரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

சின்ன வயதில் எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு பத்திரிகைப் படம் ஒட்டியிருந்தது. அவர் தைத்த சாம்பல்நிறக் கோட்டு, முதுகில் வரிசையாகப் பொத்தான்கள். அதை அணிந்த பெண் இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நிற்பாள். எங்கள் வீட்டில் அப்பாவின் கை ஓங்கும், பெற்றவளின் கை தடுக்கும். ஓங்காத கைகளை நான் முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான்.

அம்மாவுக்கு மூச்சிரைப்பு. இரவில் துணைக்கும் நானே இருந்தேன். என்னை ஆந்தை என்பார்.

"ஆந்தை, கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறியா? அந்தச் சாம்பல் கோட்டை எடு, பிரிக்கணும்."

தையல்காரர்கள் பிரிப்பது என்றால் போட்ட தையலை அவிழ்ப்பது.

"ஊரே கொண்டாடுற கோட்டும்மா அது."

"ஊருக்கு என்னடா தெரியும்? அக்குள் வெட்டு தப்பு. போட்டவ கையத் தூக்க முடியாது. படம் எடுத்த அன்னைக்கு அந்தப் பொண்ணு அழுதா. சாகறதுக்குள்ள சரி பண்ணிடணும்."

அவள் அழுதாள் என்று கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. கோட்டின் மேல் அல்ல, சொன்னவர் மேல்.

கத்தரி மழுங்கிவிட்டது, கண்ணாடியைக் காணோம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒருநாள் காலை அவரே கோட்டை எடுத்துவிட்டார். "போட்டுக் காட்டுறேன், நீயே பாரு" என்றார். பொத்தான்களை நான்தான் போட்டுவிட்டேன். அவர் கையை உயர்த்தினார். தோள்வரைகூடப் போகவில்லை.

"பாத்தியாடா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இரைப்பானது. இன்ஹேலர் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. இரண்டு முறை எட்டி எடுக்கப் பார்த்தார்.

"எடுடா."

நான் வெளியில் இருந்தேன் என்று உங்களிடம் முதலில் சொன்னேன். இல்லை, பக்கத்தில்தான் நின்றேன். அவர் கைகள் மெல்லத் தொங்கின. படத்தில் இருந்த மாதிரியே.

பிறகு அவருடைய தங்கையைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸில் வந்தவர் கோட்டில் கத்தரியை வைத்தார். "வெட்டாதீங்க, பிரிச்சு எடுங்க" என்றேன். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா உசுரு போகுது, உனக்குக் கோட்டா பெருசு?"

கத்தரி கழுத்திலிருந்து இடுப்புவரை போனது. கோட்டும் போயிற்று, அவரும் போனார். அந்த "எடுடா" மட்டும் போகவில்லை. இஸ்திரிப் பெட்டி நீராவி விடும்போதெல்லாம் அவர் மூச்சு இழுக்கிறது. தங்கை என்னிடம் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன், இந்தக் காவல் நிலையத்துக்கு நானாக வந்திருக்க மாட்டேன்.

இன்ஹேலர் எப்போதும் கட்டிலோரம்தான் இருக்கும். மேல்தட்டில் வைத்தது நான், பொத்தான் போடுவதற்கு முன்பு. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கூடவே இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் எங்கள் அப்பாவைப் போல இல்லை. யார்மேலும் கை ஓங்கியதில்லை.