மொட்டைத் தலைக்கு ஒரு சாட்சி

— கதவைச் சாத்து, சாத்து. வெளிச்சம் பட்டா தொட்டியில கிடக்கிற படமெல்லாம் பாழ். யாரது, குவெய் பொண்டாட்டியா?

— ஆமாண்ணே, சூலான்தான். ஷிங் அண்ணே, அரண்மனை கிழக்கு வாசல்ல கூட்டத்தை ஒரு படம் எடுத்தீங்களே, அது உடனே வேணும். வெயில் தாழறதுக்குள்ள கொண்டுபோய்க் காட்டலைன்னா எங்க வீட்டுக்காரரைக் குடியரசுப் படைக்காரங்க சுட்டுடுவாங்க.

— பழரசம் விக்கிறவனையா? எதுக்கு?

— வண்டியில, ஐஸ் பெட்டிக்கு அடியில அறுத்த சடை ஒண்ணு கிடந்துச்சாம். "நீ சடைப் படைக்காரன். தோத்ததும் அறுத்துப் போட்டுட்டு வியாபாரி வேஷம் கட்டுறே"ங்கிறாங்க.

— பொறு, பொறு. சடைத் தளபதி குட்டி ராஜாவைத் திரும்ப அரியணையில ஏத்தினப்போ பீக்கிங்ல எந்த ஆம்பளைதான் ராஜ விசுவாசத்தைக் காட்டச் சடை மாட்டலை? நானே நாடகக் கொட்டகையில குதிரை முடிச் சடை வாங்கி மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். தளபதி ஓடினதும் அடுப்புல போட்டேன். அதுக்கெல்லாம் ரெண்டு அறை விட்டு அனுப்பிடுறாங்களே.

— இது குதிரை முடி இல்லைண்ணே. மனுச முடி. வருசக்கணக்கா வளர்த்தது.

— உன் புருசன் கோடை பொறந்தாலே சிரைச்சுக்குவானே. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறானுங்க.

— "நேத்து சிரைச்சிருப்பான்"னு அதிகாரி சிரிக்கிறாரு. சடைப் படை ஊரை ஆண்டப்பவே இவரு மொட்டையா நின்னாருங்கிறதுக்கு உங்க படத்தை விட்டா எனக்கு வேற சாட்சி ஏது? "இருந்தா கொண்டா, பார்க்கலாம்"னுட்டாரு. துணைக்கு, புதுசாச் சேர்ந்த ஒரு சிப்பாய் வந்திருக்காரு. "நான் போறேன்"னு அவரா முன்னால வந்தாரு. தங்கமான மனுசன். இந்த வேகாத வெயில்லயும் தொப்பியைக் காது மூட இழுத்து விட்டுக்கிட்டு, வழி நெடுக ஆறுதல் சொன்னாரு. "படத்தை என் கையில குடுத்துடு, பத்திரமா கொண்டுவரேன்"னாரு. வாசல்லதான் நிக்கிறாரு.

— அந்தச் சிவப்பு விளக்கைக் கிட்டக் கொண்டா. இது கல்யாணப் படம். இது ஒட்டகக்காரன். ம், இதான் கிழக்கு வாசல். படம் பிடிச்ச கண்ணாடித் தகட்டுல கறுப்பு வெளுப்பாவும் வெளுப்பு கறுப்பாவும் தெரியும், பதறாதே. இவங்க ரிக்சாக்காரங்க, இவ முலாம்பழக்காரி... இதோ, பித்தளைக் கிண்ணத்தைத் தட்டிக்கிட்டு உன் புருசன்.

— தலை?

— முட்டை மாதிரி. பொட்டு முடி இல்லை.

— உங்க காலைக் கழுவிக் குடிக்கலாம்ண்ணே. குடுங்க, ஓடுறேன்.

— பொறு. ... ம்.

— என்னண்ணே பார்க்கிறீங்க?

— இதை நீ இப்படியே கொண்டுபோக முடியாது.

— ஏன்? உங்க கொட்டகைச் சடை வெளிய வந்துடும்னு பயமா? அவரு கையால காசில்லாம எத்தனை கிண்ணம் குடிச்சிருப்பீங்க. ஒரு கண்ணாடித் துண்டுக்கு யோசிக்கிறீங்களே.

— திட்டு. இன்னும் சத்தமாத் திட்டு. கண்ணாடி உடைஞ்சு போச்சுன்னு ஒப்பாரி வை. வாசல் வரைக்கும் கேக்கட்டும்.

— உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?

— இங்கே பாரு. உன் புருசன் பக்கத்துல ஒருத்தன் ரசம் குடிக்கிறான். ஒரு கையில கிண்ணம், இன்னொரு கை ஐஸ் பெட்டி மேல. முதுகுல இடுப்பு வரைக்கும் வெள்ளையா ஒரு கோடு தெரியுதா? அதான் சடை. அசல் சடைப் படைக்காரன்.

— அப்போ அவன் அறுத்து இவரு வண்டியில சொருகிட்டு ஓடியிருக்கான். முகம் தெரியுதாண்ணே?

— கண்ணாடியில முகம் கரிக்கட்டையா இருக்கும், பிடிபடாது. காது பிடிபடுது. ஒரு காது பாதிதான். கடிபட்ட ரொட்டி மாதிரி.

— போதும்ண்ணே. வாசல்ல நிக்கிறவருகிட்ட இப்பவே சொல்றேன். அவரு கையில துப்பாக்கி இருக்கு, எந்தப் பொந்துல ஒளிஞ்சிருந்தாலும் இழுத்துட்டு வந்துடுவாரு.

— அங்கே போகாதே. பின்னால சந்து இருக்கு. கண்ணாடியைச் சட்டைக்குள்ள வச்சுக்க. அதிகாரி கையில தவிர வேற யாரு கேட்டாலும் குடுக்காதே.

— அவருகிட்ட மட்டும் ஏன் சொல்லக் கூடாது?

— நீ கதவைத் திறந்துக்கிட்டு உள்ளே வந்தப்போ, அவன் வேர்வையைத் துடைக்கத் தொப்பியைத் தூக்கினான், சூலான். ஒரு காது பாதிதான் இருந்துச்சு.