ஒரு தொட்டி, இரண்டு வாய்

இருந்தவர்கள்: மூத்த மருமகள் மப்ரூகா, வடக்கு முற்றத்தில். இளைய மருமகள் யம்னா, தெற்கு முற்றத்தில். நடுவே மதில். மதிலுக்கு அடியில், கூரை மழை சேரும் தொட்டி. முற்றத்துக்கு ஒரு வாய். ஜெர்பா தீவு, கோடை முடியும் ஒரு பிற்பகல்.

மப்ரூகா: ...தலையை இன்னும் உள்ள விடுடி. பாதிப் பேச்சு சுவத்துலயே ஒட்டிக்குது.

யம்னா: விட்டுட்டேன்க்கா. இப்ப என்னமோ ணங்குன்னு விழுந்துச்சே?

மப்ரூகா: கரண்டி.

யம்னா: கயிறு போட்டு எடுத்துத் தரவா?

மப்ரூகா: கெடக்கட்டும்.

யம்னா: உள்ள குளுகுளுன்னு இருக்கு... உங்க குரல் எனக்குள்ளேருந்தே வர்ற மாதிரி. நேத்து கனவுல தொட்டி நெறைஞ்சு, நாம ரெண்டு பேரும் படகுல போறோம். மேல நட்சத்திரம்... கீழயும் நட்சத்திரம்...

மப்ரூகா: துடுப்பு யாரு போட்டா?

யம்னா: நீங்கதான்.

மப்ரூகா: அங்கயும் எனக்குத்தான் வேலையா.

யம்னா: மச்சான் எங்கக்கா?

மப்ரூகா: கொத்தனாரைக் கூட்டிட்டு வரப் போயிருக்காரு. தொட்டி காஞ்சு கெடக்கறப்பவே நடுவுல சுவர் வச்சுடணுமாம். சிமெண்ட் வந்தாச்சு.

யம்னா: தொட்டிக்குள்ளயா? அப்ப... நாம?

மப்ரூகா: நீ அங்க, நான் இங்க. தெருவுல பேசக்கூடாதுன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. இதுவும் போச்சு.

யம்னா: மேகம் கறுத்திருக்குக்கா. முழங்கால் தண்ணி நின்னாலே கொத்தனார் இறங்க மாட்டான். அடுத்த கோடை வரைக்கும்...

மப்ரூகா: முதல் மழையை யாருடி தொட்டியில விடுவா? கூரைச் சுண்ணாம்பு, புறா எச்சம் எல்லாம் கழுவித் தெருவுல போகணும். அதுக்கப்புறம்தானே தொட்டிக்கு வர்ற குழாய் அடைப்பை எடுப்போம்?

யம்னா: தெரியும்க்கா.

மப்ரூகா: ரெண்டு வருஷம் முன்னாடி தெரியலையே.

யம்னா: நான்தான்க்கா அன்னிக்கு முதல் மழையில அடைப்பை உருவினேன். தண்ணி விழற சத்தம் கேக்க ஆசையா இருந்துச்சு... அண்ணனும் தம்பியும் தண்ணியை நீதான் கெடுத்தேன்னு அடிச்சுக்கிட்டப்ப எனக்கு வாயே வரல.

மப்ரூகா: ஈரச் சுண்ணாம்புல பாதம் பதிஞ்சிருந்துச்சு. சுண்டுவிரல் வளைஞ்ச பாதம் இந்த வீட்ல வேற யாருக்கு?

யம்னா: பார்த்தீங்களா!

மப்ரூகா: அந்தத் தடத்தைக் கூட்டித் தள்ளினதே நான்தான். விட்டிருந்தா உனக்கு நாலு திட்டு விழுந்திருக்கும், அதோட முடிஞ்சிருக்கும். அழிச்சேன். மதில் வந்துச்சு.

யம்னா: அக்கா... தூறுது. இல்ல, பெருசாவே... ஐயோ, உள்ள விழுது! அடைப்பு?

மப்ரூகா: மாடியிலதான் இருந்துச்சு. இப்ப என் மடியில இருக்கு.

யம்னா: ஒரு வருஷம் குடிக்க முடியாதே!

மப்ரூகா: வண்டித் தண்ணி குடிப்போம். உப்புக் கரிக்கும். கரிக்கட்டும்.

யம்னா: என்ன சத்தம்க்கா... கனவுல கேட்ட மாதிரியே... மச்சான் வந்து மாடியேறி அடைச்சுட்டா?

மப்ரூகா: வந்துட்டாரு. கதவு இடியறது கேக்கலையா?

யம்னா: திறக்கலையா?

மப்ரூகா: வெளிய கால் வச்சதுமே சாத்திப் பூட்டிட்டேன்.

யம்னா: எங்க வீட்டு வழியா வந்துட்டா?

மப்ரூகா: உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காரே. நிக்கட்டும்.

யம்னா: கதவை உடைச்சுடுவாரு. திறந்துடுங்கக்கா!

மப்ரூகா: எதை வச்சுத் திறக்கறது? ணங்குன்னு விழுந்துச்சே... அது கரண்டி இல்லடி.