எழுதாதவரின் பெயர்

அவிநாசியிலிருந்து கோவைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். கம்பெனி முடிந்து வருகிறவர்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

“நான் படிக்கற ஆளுகள்ல பாதிப் பேரு இப்ப எழுதறதே இல்லீங்க்கா,” என்றாள் இளையவள், போனைப் பார்த்தபடி.

“எழுதாதவங்களை எப்படிப் படிப்ப கண்ணு?”

“இது ஃபீட் ரீடருங்க்கா. நெட்டுல நமக்குப் புடிச்சவங்க எழுதற பிளாக்கைச் சேர்த்துபோட்டா, புதுசா எழுதினதும் தானா வந்துரும். இந்த ஆனைமலைக்காரம்மாவை இன்னொருத்தரு பிளாக்ல, அவரு படிக்கறவங்க பேரைப் போட்டிருக்கற வரிசையில பாத்துத்தான் புடிச்சேன். படுக்கையில கெடக்கற அவங்கம்மாளைப் பாத்துக்கறதை எழுதுவாங்க. எங்கூட்டுல அதே மாதிரி கெடக்கற மாமியாளைப் பாத்துக்க அதுதான் எனக்குத் தெம்பு. மழைக்காலத்துக்கு முந்தியே எழுதறது நின்னுபோச்சு.”

“அப்ப அழிச்சுபோடு.”

“அழிச்சா, அவங்க மறுபடி எழுதற அன்னிக்கு எனக்குத் தெரியாதுங்களே.”

“என்னாச்சுன்னு ஒரு வரி கேக்கறது?”

“கேட்டா பதில் சொல்லோணும்னு சங்கடப்படுவாங்க. அவங்களே அலுத்துப்போயிருப்பாங்க.”

மூத்தவள் கொட்டாவி விட்டுக்கொண்டே பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள்.

“இதுலயும் அந்தம்மாளைச் சேர்த்து உடு. நீ மாமியாளைப் பாக்கற நேரத்துல அவங்க எழுதறாங்களான்னு நான் பாத்துக்கறேன்.”