வேலியோரச் சிலுவைகள்

லெந்து தவக்காலத்தில் பிரசங்க மேடையருகே பூ வைக்கக் கூடாது என்பது நம் சபையில் நான் கொண்டுவந்த பழக்கம், பாஸ்டர். நீங்கள் குளுவாங்குக்கு மாற்றலாகி வருமுன்பே அது உண்டு. பிரஸ்பிட்டேரியன் சபைக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் முணுமுணுத்தார்கள். பாடுகளின் நாள்களில் கண்ணுக்கு அழகாக எதுவும் வேண்டாம் என்று சொன்னேன். மூப்பர் சொன்னால் கேட்பார்கள்.

என் மருமகன் கமலநாதனைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டான். செனாய் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. அவன் இந்து, என் மகள் பிரவீனா கிறிஸ்தவள். அப்படியிருந்தும் ஒவ்வொரு ஞாயிறும் அவளைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பான். அவனிடம் ஒரு குறை கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைக்காதது எனக்குப் பெரிய சிரமமாக இருந்தது.

குழந்தைக்கு அவர்கள் வைத்த பெயர் லோஷினி. நான் ரூத் என்று கூப்பிடுவேன். என்றாவது ஒருநாள் அந்தப் பெயரில் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். இந்த வருடம் பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தப்போவதாக பிரவீனா சாதாரணமாகச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு பிரவீனா பாடும் பாடகர் குழுவின் பயிற்சி இழுத்துக்கொண்டே போனது. குழந்தைக்குக் காய்ச்சல். கமலநாதன் வாசலில் வந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி என்னிடம் கேட்டான்.

"என்னா மாமா, அவள வீட்டுக்கு விடவே மாட்டீங்களா? பேசாம சர்ச்ச சுத்தி சிலுவய நட்டு, எல்லாரையும் இங்கயே பொதச்சிருங்க லா."

சொன்ன கையோடு மன்னிப்பும் கேட்டான். அது என்னைத் தவிர யார் காதிலும் விழவில்லை.

லெந்து தொடங்கிய சாம்பல் புதனன்று காலையில் வேலியோரமாகச் சிலுவைகள் நட்டிருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். பழைய பலகையில் செய்து, நெருப்பில் கருக்கியவை. பார்க்கக் கல்லறைத் தோட்டம் போலத்தான் இருந்தது. போலீசார் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிடுங்கப் பிடுங்கப் புதிதாக வந்தன. விடிகாலை ஜெபத்துக்குச் சபைக் கதவைத் திறப்பவன் நான். முதலில் வருபவனை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஆமாம், பாஸ்டர். நான்தான் நட்டேன்.

அவன் பெயரை நான் எங்கேயும் சொல்லவில்லை. வாசலில் அவன் பேசியது ஊருக்கே ஞாபகம் இருந்தது. நம் வாலிபர் சங்கத்துச் சுகுமாறன்தான் முதலில் கேட்டான்: "மூப்பரே, உங்க மருமகன் வேலயா இருக்குமோ?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான். சபைக்கு வராமலிருந்த குடும்பங்கள்கூட வரத் தொடங்கின. உபவாச ஜெபத்துக்கு நாற்காலி போதவில்லை. நீங்களே அதற்காக நன்றி சொல்லி ஜெபித்தீர்கள்.

பிரவீனா மட்டும் அசையவில்லை. "அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லப்பா," என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பங்குனி உத்திரம் நெருங்கிவிட்டது. அதனால் குருத்தோலை ஞாயிறன்று வாசலுக்கு நேராக இரண்டு சிலுவை வைத்தேன். ஒன்றில் பிரவீனா, சின்னதில் ரூத் என்று வெள்ளைச் சாயத்தில் எழுதினேன். பயந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். வேறு எதுவும் நான் நினைக்கவில்லை.

அன்று அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். அவள் பார்த்துவிடக் கூடாதென்று கமலநாதன் காரிலிருந்து ஓடிவந்து சின்னச் சிலுவையைப் பிடுங்கினான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனைத்தான் சுகுமாறனும் மற்றப் பையன்களும் கண்டார்கள். "நான் இல்லங்க, நான் இல்லங்க," என்று அவன் சொன்னது படிக்கட்டில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் கையில் பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த குருத்தோலைகள் இருந்தன. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். அந்த நேரத்தில் எது பொருத்தமான வார்த்தை என்று எனக்குப் பிடிபடவில்லை. தெருவோரக் கால்வாய் விளிம்பில் அவன் தலை மோதிய பிறகு எல்லாரும் தாமாகவே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது கண் திறக்கிறானாம். ஆளைத்தான் அடையாளம் தெரியவில்லையாம்.

மருத்துவமனையிலிருந்து பிரவீனா பிள்ளையோடு என் வீட்டுக்குத்தான் வந்தாள். நான் நினைத்தபடியே வந்தாள். பிள்ளைக்குப் பால் கலக்கினேன். "ரூத், வாம்மா," என்றேன். பிரவீனா அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பா, இவள ரூத்துன்னு கூப்புடுறது நீங்க மட்டுந்தான்."

"அதுக்கென்னம்மா?"

"அவரு எழுதியிருந்தா லோஷினின்னு எழுதியிருப்பாரு."

அவள் பிள்ளையின் கையிலிருந்த பால் போத்தலை வாங்கி மேசைமேல் வைத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மருத்துவமனையில் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். நான் போனபோது என்னை உள்ளே விடவேண்டாமென்று தாதியிடம் சொல்லியிருந்தாள்.

போலீசிடம் போகத்தான் வேண்டும் என்று நீங்கள் சொன்னால் வருகிறேன். சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன். அதற்கு முன் நீங்கள் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் பிரவீனாவைப் பாருங்கள். உங்கள் பேச்சை அவள் மதிப்பாள். அன்று வாசலில் எல்லார் முன்னும் அவன் என்னை அப்படிப் பேசினானே, அதற்காக நான் கமலநாதனை முழுமனதோடு மன்னித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.