கையை எடு பாப்பா

பின்னால நிக்கிற அப்பா அம்மாக்கள் கொஞ்சம் முன்னால வாங்க... ஒரு சின்னக் கதை சொல்லிட்டு அப்புறம் விஷயத்துக்கு வர்றேன். கதைன்னு பேருதான். நான் பக்கத்துல நின்னு பார்த்தது.

பேப்பர், பெயிண்ட் விக்கிற நம்ம கடைக்கு எதிர்ல ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். வருஷா வருஷம் கைவினைக் கண்காட்சி வைப்பாங்க. போன வருஷம் நாலாம் வகுப்புக்கு என்ன வேலை தெரியுமா? வீட்டுல வீணாப் போற பொருளை வச்சு ஒரு மிருகம் செய்யணும். முதல் நாள் சாயங்காலம் நம்ம கடையைப் பார்க்கணுமே! சார்ட் வாங்குறது அப்பா. கலர் பார்க்குறது அம்மா. பிள்ளை? பிள்ளை வாசல்ல பைக்குக்குக் காவல்!

அந்தக் கூட்டத்துல ஞானசேகர் வந்தார். லாரி புக்கிங் ஆபீஸ் வச்சிருக்கிறவர். கூடவே அவர் மக கனிஷ்கா.

"அண்ணாச்சி, சாம்பல் கலர்ல எனாமல் பெயிண்ட் ஒரு டப்பா. பளபளன்னு இருக்கணும்."

"எதுக்குய்யா, வாசல் கேட்டுக்கா?"

"யானைக்கு! இவ பழைய பேப்பரை ஊற வச்சு, அரைச்சு, மைதாப் பசை போட்டு ஒண்ணு செஞ்சு வச்சிருக்கா. பார்க்கச் சகிக்கல அண்ணாச்சி. ஒரு காது முறம், ஒரு காது கரண்டி. நான்தான் இன்னைக்கு இன்னும் கொஞ்சம் கூழை அப்பி, வயித்தைப் பெருசாக்கி, யானை மாதிரி ஆக்கினேன்."

அந்தப் பிள்ளை அவர் சட்டையை மெதுவா இழுக்குது. "அப்பா... இன்னும் காயலப்பா."

"நீ சும்மா இரு!"

நானும் சொன்னேன். "ஈரத்து மேல எனாமல் அடிக்காதீங்க, தண்ணி உள்ளயே அடைபட்டுக்கும்." கேட்டாரா? "போன தடவை அந்த வக்கீல் மகன் பரிசு வாங்கிட்டான் அண்ணாச்சி. இந்தத் தடவை விடுறதா இல்ல." டப்பாவை வாங்கிட்டுப் போயிட்டார்.

மறுநாள் நானும் எட்டிப் பார்க்கப் போனேன். தகரக் கூரை போட்ட ஹால். பங்குனி வெயில். மேசைக்குப் பின்னால பிள்ளைங்க, ஒரு கயித்தைக் கட்டி அந்தப் பக்கம் பெத்தவங்க. ஞானசேகர் என் பக்கத்துல. யானை மின்னுது! அவர் முகம் அதைவிட மின்னுது!

மார்க் போட வெளியூர்ல இருந்து ஒரு டிராயிங் டீச்சர் வந்திருந்தாங்க. ஒவ்வொரு மேசையா வர்றாங்க...

அப்பத்தான் பார்த்தேன். யானையோட முன்னங்கால் லேசா வளையுது. மேல பளபளப்பு, உள்ள கூழு. இவர் வச்ச வயித்தோட பாரத்தை அந்தக் கால் எப்படித் தாங்கும்? பிள்ளையும் பார்த்துட்டா. சட்டுனு வயித்துக்கு அடியில ஒரு கையைக் கொடுத்தா.

ஞானசேகர் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "பிடி... விடாத, விடாத..." இங்கிருந்து கையை ஆட்டுறார். டீச்சர் ரெண்டு மேசை தள்ளி நிக்கிறாங்க. பிள்ளைக்கு நெத்தி வேர்க்குது. அடுத்த மேசை... டீச்சர் வந்துட்டாங்க.

"அடடே, யானையா! கையை எடு பாப்பா, பார்க்கிறேன்."

எடுக்கல.

"கையை எடும்மா."

பிள்ளை அப்பாவைப் பார்க்குது. அப்பா தலையை ஆட்டுறார்... எடுக்காதன்னு! சொல்லுங்க, அந்தப் பிள்ளை என்ன செய்யும்? எடுத்தா யானை போச்சு. எடுக்கலன்னா டீச்சர் பேச்சைக் கேட்காத பிள்ளை. ஒன்பது வயசுக்கு இது தேவையா?

எடுத்துட்டா.

யானை முட்டி போட்டுச்சு... அப்படியே மூக்கு குத்திக் கவிழ்ந்துச்சு. வயிறு பிளந்து கூழு மேசையெல்லாம் ஓடுது. ஹாலே சிரிக்குது. எனக்குப் பின்னால ஒருத்தர், "யானைக்கு மதம் பிடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன், பேதி பிடிக்குமா?"

டீச்சர் சிரிக்கல. குனிஞ்சு கேட்டாங்க. "காயலன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மிஸ்."

"பின்ன ஏன் பிடிச்சுக்கிட்டே நின்னே? என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

பிள்ளை சொல்லுச்சு... "விழுந்தா எங்கப்பாவைப் பார்த்து எல்லாரும் சிரிப்பாங்க மிஸ்."

கேட்டீங்களா? யானையைப் பார்த்துன்னு சொல்லல. என்னைப் பார்த்துன்னு சொல்லல. எங்கப்பாவைப் பார்த்து!

ஞானசேகர் கயித்துக்கு அடியில குனிஞ்சு உள்ள போனார். "மிஸ், வயிறு நான் வச்சது. பெயிண்டும் நான் அடிச்சது. உடையாம கிடக்குது பாருங்க ரெண்டு காது, அது மட்டும்தான் இவ செஞ்சபடியே இருக்கு." சொல்லிட்டு, தன் கைக்குட்டையாலயே மேசையைத் துடைச்சார்.

பரிசு கிடைச்சதா? இல்ல. கொடுத்திருந்தாத்தான் தப்பு.

இப்ப உங்களைக் கேட்கிறேன். பிள்ளைகளை நாமதான் தாங்குறோம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிறோமே... அன்னைக்கு அந்த ஹால்ல தாங்கிக்கிட்டு நின்னது யாரு? எதை? அப்பனோட கௌரவத்தை, ஒத்தைக் கையால, ஒரு சின்னப் பிள்ளை தாங்கிக்கிட்டு நின்னுச்சு!

நான் யாவாரி. பெயிண்ட் விக்கிறதுதான் என் பொழைப்பு, வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் உங்க பிள்ளைகளுக்கும் கண்காட்சி. வாங்குங்க, பிரஷ்ஷை அதுங்க கையில கொடுத்துட்டுத் தள்ளி உட்காருங்க. கோணலா வந்தா கோணலாவே மேசைக்குப் போகட்டும். டீச்சர் வரும்போது உங்க பிள்ளை ரெண்டு கையையும் தொங்கப் போட்டுக்கிட்டு, நிம்மதியா நிக்கட்டும்.